எண்கள் சரி, ஆனால் படிக்க முடியவில்லை: ஆய்வேட்டுக்கும் கட்டுரைக்கும் அட்டவணை போடுவது எப்படி?

கேள்வி இது: எம்.ஏ. ஆய்வேட்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களையும், களஆய்வில் திரட்டிய எண்களையும் அட்டவணைகளாகப் போட்டிருக்கிறேன். எண்களில் பிழை இல்லை. ஆனாலும் "இதைப் படிக்கவே முடியவில்லை" என்று நெறியாளர் திருப்பித் தந்துவிட்டார். எதை மாற்ற வேண்டும்?

எண்கள் சரியாக இருந்தும் அட்டவணை படிக்க முடியாமல் போனால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். படிப்பவர் எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று அட்டவணை போட்டவர் முடிவு செய்திருக்க மாட்டார். மூல அறிக்கையில் இருந்த வரிசையில், இருந்த தசமங்களோடு, அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார். கணக்கெடுப்புத் துறை வெளியிடும் அட்டவணை, யாருக்கு எந்த எண் தேவைப்பட்டாலும் தேடி எடுத்துக்கொள்ள வசதியாக அமைக்கப்பட்டது. ஆய்வேட்டில் வரும் அட்டவணைக்கு அந்த வேலை இல்லை. நீங்கள் சொல்ல வந்த ஒரு செய்தியை அது காட்டினால் போதும். முழு விவரமும் தேவை என்றால் பின்னிணைப்பில் போடுங்கள். இயலின் நடுவே வேண்டாம்.

ஆகவே வேர்டையோ எக்செலையோ திறப்பதற்கு முன், "இந்த அட்டவணையைப் பார்த்ததும் படிப்பவருக்கு என்ன தெரிய வேண்டும்?" என்பதை ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த அட்டவணைக்கு இன்னும் வேளை வரவில்லை. அந்த வாக்கியத்தில் இரண்டு மூன்று எண்கள்தாம் வருகின்றன என்றால் அட்டவணையே வேண்டாம், வாக்கியமே போதும்.

ஓர் உண்மையான எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். 2001, 2011 கணக்கெடுப்புகளுக்கு இடையே தென் மாநிலங்களின் மக்கள்தொகை எவ்வளவு வளர்ந்தது என்பது பொருள். பெரும்பாலான ஆய்வேடுகளில் அது இப்படித்தான் இருக்கும்:

| வ.எண் | மாநிலம் | 2001 | 2011 | வளர்ச்சி |
|:---:|:---:|:---:|:---:|:---:|
| 1 | ஆந்திரப் பிரதேசம் | 7,62,10,007 | 8,45,80,777 | 10.98% |
| 2 | கர்நாடகம் | 5,28,50,562 | 6,10,95,297 | 15.60% |
| 3 | கேரளம் | 3,18,41,374 | 3,34,06,061 | 4.91% |
| 4 | தமிழ்நாடு | 6,24,05,679 | 7,21,47,030 | 15.61% |
| | மொத்தம் | 22,33,07,622 | 25,12,29,165 | 11.78% |

நான்கு மாநிலங்களின் எண்களும் கூட்டுத்தொகையும் சரி. இருந்தும் இந்த அட்டவணையில் ஒரு கணக்குப் பிழையும் நாலைந்து அமைப்புக் குறைகளும் உள்ளன. அதே தரவைத் திருத்திப் போட்டால்:

அட்டவணை 1: தென் மாநிலங்களின் மக்கள்தொகை வளர்ச்சி, 2001–2011 (எண்கள் லட்சத்தில்)

| மாநிலம் | 2001 | 2011 | அதிகரிப்பு | வளர்ச்சி (%) |
|:---|---:|---:|---:|---:|
| தமிழ்நாடு | 624.1 | 721.5 | 97.4 | 15.6 |
| கர்நாடகம் | 528.5 | 611.0 | 82.4 | 15.6 |
| ஆந்திரப் பிரதேசம்* | 762.1 | 845.8 | 83.7 | 11.0 |
| கேரளம் | 318.4 | 334.1 | 15.6 | 4.9 |
| நான்கும் சேர்த்து | 2,233.1 | 2,512.3 | 279.2 | 12.5 |

*தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திரப் பிரதேசம். புதுச்சேரியும் லட்சத்தீவும் சேர்க்கப்படவில்லை.
குறிப்பு: எண்கள் தனித்தனியே முழுமையாக்கப்பட்டவை, கூட்டலிலும் கழித்தலிலும் கடைசி இலக்கம் சற்று மாறலாம்.
மூலம்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2001, 2011 (இறுதி எண்கள்).

முதலில் அந்தக் கணக்குப் பிழை. திருத்துவதற்கு முன் இருந்த அட்டவணையின் கடைசி வரியில் உள்ள 11.78%, நான்கு சதவீதங்களைக் கூட்டி நான்கால் வகுத்துக் கிடைத்தது. சதவீதங்களை அப்படிச் சராசரி எடுக்கக் கூடாது. கேரளத்தின் 3 கோடிப் பேரும் ஆந்திரத்தின் 7.6 கோடிப் பேரும் ஒரே எடை பெற்றுவிடுகிறார்கள். மொத்த அதிகரிப்பை 2001இன் மொத்தத்தால் வகுக்க வேண்டும்: 279.2 ÷ 2,233.1 = 12.5%. எக்செலில் கடைசி வரிக்கும் சராசரிச் சூத்திரத்தை இழுத்துவிடுவதால் வரும் பிழை இது. தேர்வாளர் கையில் கால்குலேட்டர் இருந்தால் முதலில் சிக்குவதும் இதுதான். எழுத்தறிவு வீதம், பாலின விகிதம், மக்கள் அடர்த்தி ஆகியவற்றுக்கும் இதே விதி: மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியே கூட்டிவிட்டுப் பிறகு வகுக்க வேண்டும்.

இலக்கங்களைக் குறைப்பது

7,62,10,007 என்ற எண்ணில் எட்டு இலக்கங்கள். அதைப் படிக்கும்போது மனம் "ஏழரைக் கோடிக்குக் கொஞ்சம் மேலே" என்று சுருக்கித்தான் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சுருக்கத்தைப் படிப்பவர் செய்யும்படி விடாமல் நீங்களே செய்து தந்தால், அவருக்கு ஒப்பிடுவதற்கு மனம் மிஞ்சும். ஒப்பிடும்போது வேறுபடுகிற இலக்கங்களில் முதல் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடலாம். மேலே லட்சத்தில் ஒரு தசமம் வைத்ததுகூடச் சற்றுத் தாராளம்தான்; அதிகரிப்பு நிரலில் (மேலிருந்து கீழாக வரும் வரிசையில்) கேரளத்தின் 15.6 தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக விட்டது.

"துல்லியம் போய்விடாதா?" என்ற அச்சம் பலருக்கு உண்டு. 2011இல் விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 34,58,873, கோயம்புத்தூர் மாவட்டத்தினுடையது 34,58,045. லட்சத்தில் ஒரு தசமம் வைத்தால் இரண்டும் 34.6. உங்கள் வாதம் அந்த 828 பேர் வித்தியாசத்தைச் சார்ந்து நிற்கிறதா? இல்லை என்றால் இரண்டையும் 34.6 என்று காட்டுவதே நேர்மையானது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்ற பொய்யான எண்ணத்தை அது தராது. முழு எண்கள் தேவைப்படுவோருக்குப் பின்னிணைப்பு இருக்கிறது.

இப்படிக் கடைசி இலக்கங்களைச் சுருக்கி முழுமையாக்கும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, கூட்டுத்தொகை. அட்டவணை 1இல் 2011 நிரலில் உள்ள நான்கு எண்களையும் கூட்டிப் பாருங்கள்: 721.5 + 611.0 + 845.8 + 334.1 = 2,512.4. ஆனால் கடைசி வரியில் 2,512.3 என்று இருக்கிறது. இரண்டில் சரியானது 2,512.3தான், ஏனெனில் உண்மைத் தொகை 25,12,29,165. கர்நாடகத்தின் வரியிலும் 611.0இலிருந்து 528.5ஐக் கழித்தால் 82.5 வரும்; அட்டவணையில் 82.4, ஏனெனில் உண்மை அதிகரிப்பு 82,44,735. இந்த வேறுபாட்டை மறைக்க எந்த எண்ணையும் தட்டிக்கொட்டிச் சரிசெய்யாதீர்கள். கணக்கு எப்போதும் முழு எண்களில் நடக்கட்டும், முழுமையாக்கல் கடைசியில் வரட்டும், அடியில் ஒரு வரிக் குறிப்பு இருக்கட்டும். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் கூட்டிப் பார்க்கும் தேர்வாளர் உங்களைத்தான் சந்தேகிப்பார்.

இரண்டு, ஏற்கெனவே முழுமையாக்கிய எண்ணை மறுபடி முழுமையாக்குவது. 1951இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 3,01,19,047, 1961இல் 3,36,86,953. வளர்ச்சி 11.846%. அறிக்கையில் இரண்டு தசமத்தில் 11.85 என்று இருக்கும். அதைப் பார்த்து ஒரு தசமமாக்கினால் 11.9 என்று எழுதத் தோன்றும். ஆனால் 11.846இலிருந்து நேராக வந்தால் 11.8. ஆகவே சதவீதத்தை அறிக்கையிலிருந்து எடுப்பதைவிட மூல எண்களிலிருந்து நீங்களே கணக்கிடுவது நல்லது.

மூன்று, ஒரே நிரலுக்குள் தசம இடங்கள் மாறுவது. 15.6, 11, 4.91 என்று ஒன்றின் கீழ் ஒன்று வரக் கூடாது. 11.0 என்பதில் உள்ள சுழியத்தை விட்டுவிடாதீர்கள். அது அளவீட்டின் நுட்பத்தைச் சொல்கிறது. ஒன்றுக்குக் குறைந்த எண்ணை .5 என்று எழுதாமல் 0.5 என்றே எழுதுங்கள். அச்சில் புள்ளி தேய்ந்தால் .5 என்பது 5 ஆகிவிடும்.

எக்செலில் ஒரு பொறி இருக்கிறது. தசம இடத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினால் திரையில் தெரிவது மட்டுமே மாறும், உள்ளே முழு எண் அப்படியே இருக்கும். ரவுண்ட் சூத்திரம் எண்ணையே மாற்றிவிடும். கூட்டலுக்கு முன் ரவுண்ட் போட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஆகவே காட்சி வடிவத்தை மட்டும் மாற்றுங்கள்.

ஒப்பிட வேண்டியவை ஒன்றின் கீழ் ஒன்றாக

பள்ளியில் கழித்தல் கணக்கை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதித்தான் போட்டோம். பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கழிப்பது கடினம். அட்டவணைக்கும் அதேதான். எந்த எண்களை முக்கியமாக ஒப்பிட வேண்டுமோ அவை ஒரே நிரலில், மேலும் கீழுமாக வர வேண்டும். ஒரே மாநிலத்தின் போக்கைப் பல ஆண்டுகளுக்குக் காட்டுவது என்றால் ஆண்டுகள் கீழ்நோக்கி இறங்கட்டும்:

அட்டவணை 2: தமிழ்நாட்டின் மக்கள்தொகை, பத்தாண்டு வளர்ச்சி, பாலின விகிதம், 1951–2011

| ஆண்டு | மக்கள்தொகை (லட்சம்) | பத்தாண்டு வளர்ச்சி (%) | 1,000 ஆண்களுக்குப் பெண்கள் |
|:---|---:|---:|---:|
| 1951 | 301.2 | .. | 1,007 |
| 1961 | 336.9 | 11.8 | 992 |
| 1971 | 412.0 | 22.3 | 978 |
| 1981 | 484.1 | 17.5 | 977 |
| 1991 | 558.6 | 15.4 | 974 |
| 2001 | 624.1 | 11.7 | 987 |
| 2011 | 721.5 | 15.6 | 996 |

.. இந்த அட்டவணையில் தரப்படவில்லை.
மூலம்: இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1951 முதல் 2011 வரை.

வளர்ச்சி 1971இல் உச்சத்தைத் தொட்டு, 2001 வரை இறங்கி, 2011இல் மீண்டும் ஏறியதும், பாலின விகிதம் 1991 வரை சரிந்து பிறகு மீண்டதும் விரலை ஓட்டினாலே தெரிகின்றன. இதையே ஆண்டுகளைக் குறுக்கே பரப்பி மூன்று நிரைகளாக (குறுக்கு வரிகளாக) போட்டிருந்தால் ஏழு நிரல்கள் வந்து, ஏ4 தாளில் எழுத்தளவை 8க்குக் குறைக்க வேண்டியிருக்கும். ஏழெட்டு நிரலுக்கு மேல் போகும்போது தாளைக் குறுக்கே திருப்புவதற்கு முன் அட்டவணையை இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

ஆண்டுகள் இருபது முப்பது ஆகி, துல்லிய எண்ணைவிட ஏற்ற இறக்கமே முக்கியம் என்றால் கோட்டு வரைபடம் அட்டவணையைவிட நன்றாகச் சொல்லும். இரண்டையும் அருகருகே போட்டு ஒரே செய்தியை இருமுறை சொல்ல வேண்டாம்.

இந்த அட்டவணையைப் பற்றி இன்னொன்று. 15.6% என்பது பத்தாண்டுக்கான வளர்ச்சி. அதைப் பத்தால் வகுத்து "ஆண்டுக்கு 1.56%" என்று எழுதுவது தவறு. ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டின் மீது கூடுவதால் ஆண்டு வளர்ச்சி சுமார் 1.46%தான் வரும். தலைப்பில் "பத்தாண்டு" என்ற சொல் இல்லாவிட்டால் படிப்பவர் ஆண்டு வளர்ச்சி என்றே எடுத்துக்கொள்வார்.

நிரைகளின் வரிசையைப் பலர் யோசிப்பதே இல்லை. அகரவரிசையில் இருந்தால் தேடுவதற்கு வசதி. 32 மாவட்டங்களின் பின்னிணைப்புக்கு அது பொருந்தும். இயலுக்குள் வரும் அட்டவணையில், எதைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்த எண்ணின் இறங்குவரிசையில் அடுக்குங்கள். அட்டவணை 1இல் வளர்ச்சியைப் பற்றிய பேச்சு என்பதால் தமிழ்நாடு மேலே, கேரளம் கீழே. காலம், வயதுப் பிரிவு, கல்வி நிலை போல இயல்பான வரிசை உள்ளவற்றைக் குலைக்கக் கூடாது. ஒரே மாநிலங்கள் ஐந்தாறு அட்டவணைகளில் திரும்பத் திரும்ப வருமானால், ஒரே வரிசையை எல்லாவற்றிலும் வைத்துக்கொள்வதுதான் படிப்பவருக்கு உதவி. வரிசை எண் நிரலை எடுத்துவிடுங்கள். எதையும் சொல்லாமல் இடத்தை மட்டும் அடைக்கிறது.

தலைப்பு, அலகு, மூலம்

அட்டவணையை மட்டும் தனியே நகல் எடுத்து ஒருவர் கையில் கொடுத்தால் அவருக்குப் புரிய வேண்டும். தலைப்பில் எது, எங்கே, எப்போது என்ற மூன்றும் இருக்க வேண்டும். "மக்கள்தொகை விவரம்" என்பது தலைப்பாகாது. அட்டவணையின் தலைப்பு மேலே வரும். வரைபடத்துக்கும் படத்துக்கும் கீழே வரும். எல்லா நிரலுக்கும் ஒரே அலகு என்றால் தலைப்பிலேயே சொல்லிவிடலாம். வேறு வேறு என்றால் அந்தந்த நிரலின் தலைப்பில் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் % குறியோ ₹ குறியோ திரும்பத் திரும்ப வந்தால் எண்கள் அதில் மறைந்துபோகும்.

லட்சம், கோடியா, மில்லியனா? இந்தியாவில் படிப்பவர்களுக்கு லட்சமும் கோடியும். இலங்கை அறிக்கைகளில் மில்லியன். எதை எடுத்தாலும் ஆய்வேடு முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். 7,21,47,030 என்பதும் 72,147,030 என்பதும் ஒரே எண்தான், ஆனால் ஒரே நிரலில் இரண்டு பாணியும் கலந்தால் கண் தவறாமல் ஏமாறும். எக்செல் மேலைநாட்டு முறையில் காற்புள்ளி இடுகிறது என்றால், எண் வடிவத்தில் தனிப்பயன் வடிவமாக இதை இடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

குறை எண்களுக்கு இது வேலை செய்யாது. அவை மூன்றாம் பகுதிக்குப் போய் மேலைநாட்டுக் காற்புள்ளியே பெறும்.

பணமதிப்பு என்றால் நடப்பு விலையா (அந்தந்த ஆண்டின் விலை), நிலையான விலையா (ஏதோ ஓர் ஆண்டின் விலையிலேயே கணக்கிட்டது), நிலையான விலை என்றால் அடிப்படை ஆண்டு எது என்பது கட்டாயம். இதைச் சொல்லாத வருமான அட்டவணையால் எந்தப் பயனும் இல்லை. 2010–11 போன்ற நிதியாண்டையும் 2010 என்ற நாட்காட்டி ஆண்டையும் ஒரே நிரலில் கலக்காதீர்கள்.

வெற்றுக் கட்டம் ஒருபோதும் கூடாது. தரவு இல்லையா, மதிப்பு சுழியமா, தட்டச்சில் விட்டுப்போனதா என்று தெரியாது. இந்திய ரிசர்வ் வங்கியின் வெளியீடுகளில் ".." என்பது கிடைக்கவில்லை, "–" என்பது இல்லை அல்லது மிகச் சொற்பம். எந்தக் குறியை எடுத்தாலும் அட்டவணையின் அடியில் விளக்கிவிடுங்கள்.

மூலத்தில்தான் பெரிய சறுக்கல்கள் நடக்கின்றன. 2011 கணக்கெடுப்பின் தற்காலிக எண்கள் அந்த ஆண்டு மார்ச் இறுதியில் வந்தன. இறுதி எண்கள் பின்னர் வந்தன. தற்காலிக எண்ணின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,38,958, எழுத்தறிவு 80.33%. இறுதி எண்ணின்படி 7,21,47,030, எழுத்தறிவு 80.09%. இணையத்தில் இரண்டும் உலவுகின்றன. ஓர் அட்டவணையில் ஒன்றும் மறு அட்டவணையில் மற்றொன்றும் வந்தால் ஆய்வேடு முழுவதன் நம்பகமும் ஆட்டம் காணும். ஆகவே மூலம் எழுதும்போது "தற்காலிக" அல்லது "இறுதி" என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பகுதி எண்ணையும், அதாவது எதனால் வகுக்கிறோம் என்பதையும், கவனியுங்கள். எழுத்தறிவு வீதம் மொத்த மக்கள்தொகைக்குக் கணக்கிடப்படுவதில்லை. 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். எழுத்தறிந்தோரை மொத்த மக்கள்தொகையால் வகுத்துவிட்டு "அரசு எண்ணோடு ஒத்துவரவில்லையே" என்று தவிப்பவர்கள் உண்டு. 1951, 1961, 1971க்குத் தரப்படும் வீதங்கள் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானவை. 1981 முதல் 7 வயது. அந்தத் தொடரை அட்டவணையாகப் போட்டால் இந்த வேறுபாடு அடிக்குறிப்பில் வந்தே ஆக வேண்டும்.

எல்லைகளும் மாறுகின்றன. 2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. தென்காசியும் கள்ளக்குறிச்சியும் 2019இல் வந்தவை, மயிலாடுதுறை 2020இல். 2011 எண்களைப் போடும்போது "மாவட்ட எல்லைகள் 2011இல் இருந்தபடி" என்ற ஒரு வரி போதும். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011க்குப் பிந்தைய மக்கள்தொகை எண்கள் கணிப்புகள். அவற்றைக் கணக்கெடுப்பு எண்களின் கீழே அடுத்த நிரையாக ஓசையின்றிச் சேர்க்காதீர்கள். இடையில் ஒரு கோடு போட்டு "கணிப்பு" என்று குறித்துவிடுங்கள்.

களஆய்வு எண்கள்

இங்கே முக்கியமானது எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்பது. 24 பேரிடம் கேட்டு 7 பேர் ஆம் என்றால், "29.17%" என்று எழுதுவது வேண்டாத துல்லியம். அந்தக் கூட்டத்தில் ஒருவரே 4 சதவீதத்துக்கு மேல். தசமத்துக்கு அங்கே இடமில்லை. "24 பேரில் 7 பேர்" என்றோ 29% என்றோ எழுதுங்கள். நூறு பேருக்குக் குறைவாக இருந்தால் தசமமே வேண்டாம் என்பது என் முடிவு. எண்ணிக்கையும் சதவீதமும் அருகருகே நிற்கட்டும். மொத்த எண்ணிக்கை தலைப்பிலோ கடைசி வரியிலோ தெரியட்டும்.

இரண்டு கேள்விகளைக் குறுக்கே வைத்துப் போடும் அட்டவணையில் சதவீதம் எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். கற்பனை எண்களை வைத்தே பார்ப்போம்: கிராமத்தில் 40 வீடுகள், நகரத்தில் 20 வீடுகள். இணைய இணைப்பு கிராமத்தில் 10 வீட்டிலும் நகரத்தில் 15 வீட்டிலும் இருக்கிறது. கிராம வீடுகளில் 25%க்கு, நகர வீடுகளில் 75%க்கு இணைப்பு உண்டு. ஆனால் இணைப்புள்ள 25 வீடுகளை மட்டும் எடுத்தால் 40% கிராமத்தில், 60% நகரத்தில். இரண்டும் சரியான கணக்கு. ஆனால் "கிராமமா நகரமா என்பதைப் பொறுத்து இணைப்பு மாறுகிறதா?" என்பதுதான் கேள்வி என்றால் முதல் சோடிதான் விடை. காரணம் என்று எதைக் கருதுகிறீர்களோ அதன் ஒவ்வொரு பிரிவும் 100 ஆக வேண்டும். அந்த 100% எந்தப் பக்கம் என்பதை அட்டவணையில் ஒரு வரியிலோ நிரலிலோ காட்டிவிடுங்கள். ஒருவர் பல விடைகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கேள்வியில் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டும். அங்கே மொத்த வரியைப் போடாமல் காரணத்தைக் குறிப்பில் சொல்லுங்கள்.

வருமானப் பிரிவுகளை 10,000–20,000, 20,000–30,000 என்று போட்டால் சரியாக 20,000 வாங்குபவர் எங்கே போவார்? "10,000 முதல் 19,999 வரை" என்று எழுதினால் குழப்பம் இல்லை.

சதவீதங்களுக்கு இடையிலான வேறுபாட்டையும் பார்த்து எழுதுங்கள். தமிழ்நாட்டில் எழுத்தறிவு 2001இல் 73.45%, 2011இல் 80.09%. உயர்வு 6.64 சதவீதப் புள்ளிகள். "6.64 சதவீதம் உயர்ந்தது" என்றால் பிழை, 73.45ஐ அடிப்படையாக வைத்தால் உயர்வு சுமார் 9%.

வேர்டில் அமைக்கும்போது

சொற்கள் இடப்பக்கம், எண்கள் வலப்பக்கம். எண்களை நடுவில் நிறுத்தினால் 2,233.1இன் நூறும் 624.1இன் நூறும் ஒரே நேரில் வராது. இலக்கத்தின் இடமதிப்பே குலைந்துபோகும். நிரலின் தலைப்பும் எண்களோடு வலப்பக்கமே நிற்கட்டும். தசம இடங்கள் மாறியே ஆக வேண்டிய நிரலில் தசமத் தாவலைப் பயன்படுத்துங்கள். அளவுகோலின் இடது ஓரத்தில் உள்ள குறியைத் தசமத் தாவல் வரும்வரை சொடுக்கி, நிரலைத் தேர்ந்தெடுத்து, அளவுகோலில் ஓரிடத்தில் வைத்தால் போதும். கட்டம் இடப்பக்க ஒழுங்கில் இருந்தால் டேப் விசையை அழுத்தாமலே புள்ளிகள் நேராகிவிடும்.

செங்குத்துக் கோடுகளை எடுத்துவிடுங்கள். மேலே ஒன்று, நிரல் தலைப்புகளுக்குக் கீழே ஒன்று, அடியில் ஒன்று என மூன்று கிடைக்கோடுகள் போதும். மொத்த வரிக்கு மேலே மெல்லிய கோடு ஒன்று சேர்க்கலாம். எல்லாக் கட்டத்துக்கும் பெட்டி போட்டால் கண் எண்களைவிடக் கோடுகளையே பார்க்கும். நிரல்களை இழுத்துத் தாளின் அகலம் முழுக்கப் பரப்புவதும் கெடுதல். மாநிலத்தின் பெயருக்கும் அதன் எண்ணுக்கும் நடுவே இடைவெளி பெருகினால் கண் அடுத்த நிரைக்கு வழுக்கிவிடும். நிரைகள் நீண்டால் ஐந்துக்கு ஒருமுறை சிறிது இடைவெளி விடுங்கள்.

எழுத்துருவையும் பாருங்கள். ஜார்ஜியா போன்ற சில எழுத்துருக்களில் எண்கள் மேலும் கீழுமாக இறங்கி ஏறும். அட்டவணைக்கு அவை உதவாது. எல்லா இலக்கங்களும் ஒரே அகலம், ஒரே உயரம் உள்ள எழுத்துருவாக இருக்க வேண்டும்.

அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போகும் என்றால், தலைப்பு நிரையைத் தேர்ந்தெடுத்து லேஅவுட் பகுதியில் உள்ள "ரிப்பீட் ஹெடர் ரோஸ்" பொத்தானை அழுத்துங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு தானே வரும். அட்டவணைப் பண்புகளில் "அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்" என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால் ஒரு நிரை பாதியில் உடையாது. அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள். அச்சில் மங்கும், தேட முடியாது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதிலுள்ள எண்களைப் படிக்காது.

பிடிஎஃப் கோப்பிலிருந்து எக்செலுக்கு நகலெடுக்கும்போது சில எண்கள் சொல்லாகவே வந்து உட்காரும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்பதும் மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரிவதும் அதன் அடையாளம். சம் சூத்திரம் அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும். எச்சரிக்கை எதுவும் வராது. ஆகவே மூல அறிக்கையில் அச்சான மொத்தத்தோடு உங்கள் மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

உரையில் என்ன எழுதுவது

அட்டவணை வருவதற்கு முன்பே உரையில் அதன் எண்ணைச் சொல்லிவிடுங்கள். "கீழ்க்காணும் அட்டவணை" என்று எழுதினால், திருத்தத்தில் அது அடுத்த பக்கத்துக்குப் போனதும் வாக்கியம் பொய்யாகிவிடும். "அட்டவணை 2" என்றால் எங்கே போனாலும் நிற்கும். பிறகு அட்டவணையை வரிவரியாக ஒப்பிக்காமல், எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். "தமிழ்நாட்டில் 15.6%, கர்நாடகத்தில் 15.6%, ஆந்திரத்தில் 11.0%, கேரளத்தில் 4.9%" என்ற வாக்கியம் அட்டவணையை இரண்டாம் முறை அச்சிடுவதுதான். "தமிழ்நாடும் கர்நாடகமும் ஒரே வேகத்தில் வளர்ந்தன, கேரளத்தின் வேகம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை (அட்டவணை 1)" என்பது செய்தி. அட்டவணை போடுவதற்கு முன் எழுதிவைத்த அந்த ஒற்றை வாக்கியம் இங்கேதான் வந்து சேர வேண்டும்.

நெறியாளரிடம் மறுபடி கொடுப்பதற்கு முன், உரையில் வரும் ஒவ்வோர் எண்ணின் மீதும் பென்சிலால் கோடிட்டு, அட்டவணையில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டவணையைத் திருத்திவிட்டு உரையைத் திருத்த மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதன்பின் ஒவ்வொரு நிரலையும் கால்குலேட்டரில் ஒருமுறை கூட்டி, ஒவ்வோர் அட்டவணையிலும் ஏதேனும் ஒரு சதவீதத்தை மூல எண்ணிலிருந்து புதிதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்த ஒன்று தவறினால் சூத்திரமே தவறு என்று பொருள். அந்த நிரல் முழுவதையும் மறுபடி போடுங்கள்.